எடைமேடை

"எத்தினி டிக்கெட்?"
"ஒண்ணு."
"ஒண்ணா? ஒண்ணே ஒண்ணா?"
மேசைப் பையன் என் தோளுக்குப் பின்னால்
யாரையோ தேடினான்.
இருநூறு ரூபாயைச் சரியாக எண்ணியே கொண்டுவந்திருந்தேன்,
பேச்சு வளராமலிருக்க.

வீட்டில் கன்னியம்மாளோடு போவதாகச் சொல்லியிருந்தேன்.
கன்னியம்மாள் என்று எனக்கு யாருமில்லை.
அத்திப்பட்டில் ரயிலேறியதும்
அவளுக்கும் ஓரிடம் பிடித்துப் பையை வைத்தேன்.
எண்ணூர்ப் பாலத்தில் சாம்பல் நிறத்தில் ஆறு.
கத்திவாக்கத்தில் ஒருத்தி
காலி மீன்கூடையும் முட்டிவலியுமாக ஏறினாள்.
கன்னியம்மாள் அங்கேயே இறங்கிக்கொண்டாள்.

சவரிராயனை ஆறு வருடமாகத் தெரியும்.
எட்டு மணி சீரியலில் இன்ஸ்பெக்டர்.
ஒன்பதரை சீரியலில் மூன்றாம் நாளே செத்துப்போகும் அப்பா.
ஒரு பெயின்ட் விளம்பரத்தில்
ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பவர்.
அவர் குரல் கேட்டால் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வருவேன்.
ஏன் அவர் என்றால்,
அடுத்தவர் பேசும்போது
அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.
சீரியலில் வேறு யாரும் அதைச் செய்வதில்லை.
வீட்டிலும்தான்.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஹால்.
நான்கு மின்விசிறி, மூன்று சுற்றின.
திரை கிடையாது. ஒரு கவுன்ட்டர், ஒரு ஸ்டூல்.
அவர் நடந்து வந்ததும் பலகை முனகியது.
நான் மணலியில் எடைமேடைச் சீட்டு எழுதுகிறவள்.
அறுபத்திரண்டு கிலோ, சட்டை செருப்போடு.
இருபது கிலோ டிவி கூட்டிக் காட்டியிருக்கிறது.

செத்த தம்பியின் துணிமணியை
ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு வாங்க வந்த அண்ணன்.
பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்.
லுங்கி. பெல்ட்டு. சாவி. ஒரு செருப்பு.
பையைத் தலைகீழாக உதறினார்.
செருப்பும் கையுமாக அவர் வாயைத் திறக்க,
வெளியே ஹாரன்.

சுவர் அதிர்ந்தது. ஹாலே வாசலைப் பார்த்தது.
எனக்குத் தெரியும் அந்த வண்டியை:
நாற்பதடி டிரெய்லர், காலி,
பின்சங்கிலி கட்டாமல் ரோட்டில் இழுபடுகிறது.
தெரு தாண்டப் பதினோரு எண்ணிக்கையாகும்.
எண்ணினேன்.
நாலில் யாரோ சிரித்தார்கள்.
ஏழில் நர்ஸாக நடித்த பெண் பதறி
அடுத்த வசனத்துக்குத் தாவப் பார்த்தாள்.
அவர் செருப்பைத் திருப்பி
தேய்ந்த குதிகாலைக் கட்டைவிரலால் தடவினார்.
லாரி பேசிக்கொண்டிருந்தது.
அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.
பத்து.
பதினொன்று.

"இன்னொண்ணு?" என்றார்.

அவ்வளவுதான் வசனம்.
முன்வரிசையில் ஒரு மனிதர் குனிந்து
தன் செருப்பைத் தொட்டுப் பார்த்தார்.

முடிந்ததும் செல்ஃபி வரிசையில் நானும் நின்றேன்.
எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது
ஒன்பது பத்து ரயில் ஞாபகம் வந்தது.
வந்ததாக வைத்துக்கொண்டேன்.
கிட்டப் போனால் நான்தான் பேசவேண்டியிருக்கும்.

"கன்னியம்மாளுக்குப் புடிச்சிதாமா?"
தட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்.
"அவளுக்குத் தூக்கம்."
"உனக்கு?" என்று ஒரு கேள்வி வருமென்று
ரசம் ஊற்றும் வரை நின்றேன்.
மோர் கேட்டார்.

காலையில் முதல் வண்டி.
மேடையேறி நின்ற பிறகும்
திரையில் எண்கள் நடுங்கின,
பதினாலாயிரத்து இருநூறு, அறுபது, நாற்பது.
"இன்னாக்கா, சீட்டைக் குடு" என்று
ஹாரனை அமுக்கினான் டிரைவர்.
பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு
கையைக் காட்டினேன்.

இரு.
வண்டி அடங்கட்டும்.